ஆயரா, பேராயரா, குருவா?

"ஆங்கிலிக்கன் ஆயராக இருந்த ஹென்றி எட்வர்ட் மேனிங், பின்னாளில் கத்தோலிக்க ஆயரானார்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரம் ஓர் உரையில் மறுபடியும் காதில் விழுந்தது. வாக்கியத்தின் இரண்டு பாதியும் தவறு. மேனிங் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர். ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், அவர் ஒருநாளும் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்ததில்லை. கத்தோலிக்க சபையிலோ அவர் நேராக, பிஷப்பைவிட உயர்ந்த ஆர்ச்பிஷப் ஆனவர்.

பிஷப் என்பது 'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் தேய்ந்த வடிவம். மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் கண்காணி என்றது. நேர்ப்பொருளில் அதை மிஞ்ச வேறு சொல் இல்லை, ஆனால் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அதைத் தனதாக்கிக்கொண்டார். சிரியாக் மொழியிலிருந்து கேரளம் வழியாக வந்த மேற்றிராணியார் பழைய தலைமுறையோடு போய்விட்டது. இன்று கத்தோலிக்கர்கள் சொல்வது ஆயர். ஆ மேய்ப்பவர் ஆயர், முல்லை நிலத்துச் சொல். மந்தையைக் காக்கும் மேய்ப்பர் என்ற கருத்துக்கு அழகாகப் பொருந்துகிறது.

சிக்கல் இங்கேதான். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பல இடங்களில் சபையை நடத்தும் குருவைத்தான் ஆயர் என்கிறார்கள். பிஷப்புக்குப் பேராயர் என்று பெயர். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். இரண்டு வழக்கையும் ஒரே கட்டுரையில் கலந்தால் எந்தப் பதவியைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

பிஷப்பைப் பேராயர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'பேர்' என்ற அடை எதைவிடப் பெரியது என்று காட்ட வேண்டும். அதை பிஷப்புக்கே செலவழித்துவிட்டால் இங்கிலாந்தில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பை என்ன சொல்வது? தலைமைப் பேராயர், பிரதமப் பேராயர் என்று அடைக்கு மேல் அடை ஏற்றுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஆர்ச்பிஷப் பதவியே இல்லை, அதனால் அவர்கள் வீட்டுக்குள் இது உறுத்தாது. ஆர்ச்பிஷப்புகள் உள்ள இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது கட்டாயம் உறுத்தும்.

மேனிங் 1833-இல் சசெக்ஸில் உள்ள லாவிங்டனில் பங்குக் குரு ஆனார். 1840-இல் சிச்செஸ்டர் ஆர்ச்டீக்கன். 'ஆர்ச்' என்று கண்டதும் மொழிபெயர்ப்பாளர் பேராயர் என்று எழுதிவிடுகிறார், அகராதியைப் புரட்டுவதில்லை. இன்னொருவர் தலைமைத் திருத்தொண்டர் என்கிறார். சொல்லுக்குச் சொல் அது சரி, ஆனால் திருத்தொண்டர் குருவுக்குக் கீழ்ப்பட்டவர், அதனால் அவர் குருவே அல்ல என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். பிஷப்பின் கீழ் ஒரு பகுதியின் நிர்வாகத்தைப் பார்க்கும் குரு அவர். ஆர்ச்டீக்கன் என்றே எழுதி, இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

1851 ஏப்ரலில் அவர் கத்தோலிக்க சபையில் சேர்ந்தார். ஆங்கிலிக்கன் குருப்பட்டத்தை ரோம் ஏற்பதில்லை என்பதால் ஜூனில், போப்புக்கு அடுத்த நிலையான கர்தினால் பதவியில் இருந்த வைஸ்மன் அவருக்குப் புதிதாகக் குருப்பட்டம் கொடுத்தார். முன்பே அவரை ஆயர் என்று எழுதியிருந்தால், ஆயராக இருந்தவருக்கு எதற்குக் குருப்பட்டம் என்று வாசிப்பவர் குழம்புவாரா இல்லையா? 1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆர்ச்பிஷப், 1875-இல் கர்தினால்.

அப்புறம், 'மதம் மாறினார்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மேனிங் கிறிஸ்துவை விட்டுப் போகவில்லை. மாறியது சபை.

நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: "ஆங்கிலிக்கன் குருவாகவும் ஆர்ச்டீக்கனாகவும் இருந்த மேனிங், கத்தோலிக்க சபையில் சேர்ந்து வெஸ்ட்மின்ஸ்டர் பேராயரானார்."