ராத்திரி தடுமாறிய விரல் காலையில் எப்படித் தேறியது?

"மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். நேற்று இரவு ஒரு வரியில் அரை மணி நேரம் தடுமாறிவிட்டு, அலுத்துப்போய்ப் படுத்துவிட்டாள். காலையில் உட்கார்ந்ததும் அதே வரி தடங்கலில்லாமல் வருகிறது. நடுவில் கீபோர்டைத் தொடவே இல்லை. இது எப்படி?" ஒரு வாசகியின் கேள்வி இது.

தொடவில்லைதான். ஆனால் தூங்கியிருக்கிறாளே!

பெயர், தேதி போன்றவற்றை மனத்தில் இருத்துவது ஒரு வகை நினைவு, கைப்பழக்கம் வேறு வகை. முதலாவதற்கு மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி கட்டாயம் வேண்டும். அறுவை சிகிச்சையில் அதன் பெரும்பகுதியை இழந்த எச்.எம். என்ற நோயாளி, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை! கைக்கு நினைவிருந்தது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். 2002இல் தூக்க ஆய்வாளர்கள் மேத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் செய்த சோதனை மிக எளிமையானது. இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையை 30 விநாடி வேகமாகத் தட்ட வேண்டும், பிறகு 30 விநாடி ஓய்வு. இப்படிப் பன்னிரண்டு தடவை. காலை 10 மணிக்குப் பழகியவர்களை இரவு 10 மணிக்குச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. அவர்களே தூங்கி எழுந்து தட்டியபோது வேகம் கூடியிருந்தது. இரவு 10 மணிக்குப் பழகியவர்களோ மறுநாள் காலை 10 மணிக்கே ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள், அதுவும் பிழை கூடாமல். இரு தரப்புக்கும் இடைவெளி அதே 12 மணி நேரம்தான்.

அந்த இரவில் தலைக்குள் என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும் முன் வரும் இரண்டாம் கட்டத்தில், மூளையின் மின் அலைப் பதிவில் திடீர் திடீரென ஒரு துடிப்புக் கொத்து தோன்றும். மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். நூல் சுற்றிய கதிரைப் போல இருப்பதால் ஸ்பிண்டில் என்று பெயர் வைத்தார்கள். நாம் கதிர் என்றே சொல்லலாம். ஒவ்வொன்றும் அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடி வரை நீடிக்கும், விநாடிக்கு 11 முதல் 16 துடிப்புகள்.

இது பிறக்கும் விதம் ஓர் ஊஞ்சலாட்டம். மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற பகுதியைப் போர்த்தியதுபோல ஒரு மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. அதன் வேலை தாலமஸின் மற்ற செல்களை அடக்குவது. அடக்கம் விலகியதும் அந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. துள்ளியெழுந்து மின்துடிப்புகளைக் கொட்டுகின்றன. அந்தத் துடிப்புகள் அடக்கிய அடுக்கையே போய்த் தூண்ட, மறுபடி அடக்கம், மறுபடி துள்ளல். இந்த ஆட்டம் மேலே மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்குக்கு, எட்டும்போது அங்குள்ள நரம்புக் கிளைகளுக்குள் கால்சியம் புகுகிறது. நரம்பிணைப்புகள் வலுப்பெறத் தேவையான சூழல் இதுதான்.

அதைவிட அழகு, கதிர்கள் இடம் பார்த்து வருவது. வலக்கையை இயக்குவது இடப்பக்க மூளை, இடக்கையை இயக்குவது வலப்பக்க மூளை என்று படித்திருப்பீர்கள். 2007இல் நிஷிதாவும் வாக்கரும் இடக்கைக்குப் பயிற்சி கொடுத்துச் சிலரைப் பகலில் குட்டித் தூக்கம் போடவைத்தார்கள். வலப்பக்க இயக்கப் பகுதியில் கதிர்கள் மறுபக்கத்தைவிட எவ்வளவு மிஞ்சியிருந்தனவோ, அந்த அளவுக்கு விரல்கள் தேறியிருந்தன! 2004இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு மகள் கதைக்கு நேராகப் பொருந்துகிறது: தூக்கத்துக்குப் பிறகு அதிகம் மேம்பட்டவை, முந்தின நாள் விரல் தயங்கிய இடங்கள். எளிதாக வந்த இடங்களில் பெரிய மாற்றமில்லை.

எல்லோரும் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கு, பயிற்சியின் கடைசியில் விரல் களைத்துப்போனதால் வரும் தோற்றம் என்று திமதி ரிக்கார்ட் குழு 2008இல் வாதிட்டது. நடுவில் போதிய ஓய்வு கொடுத்தால் லாபம் சுருங்குகிறது. நியாயமான வாதம். தூக்கம் புதிதாக எதையும் சேர்க்காமல், பழகியது கலையாமல் காத்தால்கூட எனக்குப் போதும்.

எப்போது பழகலாம்? 2012இல் 16, 17 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், விரல் பயிற்சியை பிற்பகல் 3 மணியைவிட இரவு 9 மணிக்குச் செய்தவர்களுக்குப் பலன் கூடியது. வார்த்தைப் பாடத்துக்கோ பிற்பகல்தான் தோதாக இருந்தது. அப்புறம், வாக்கரின் சோதனையில் முன்னேற்றம் ஒத்துப்போனது முக்கியமாக இரவின் கடைசிப் பகுதியில் வரும் இரண்டாம் கட்டத் தூக்கத்தோடு. பயிற்சிக்காகப் பிள்ளைகளை விடியுமுன் உலுக்கி எழுப்பும் பெற்றோர் எதை வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். "தூங்கும்போதே புதிய கலை கற்கலாம்" என்று கருவி விற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழித்திருந்து தடுமாறாத விரலுக்குத் தூக்கத்தில் வேலையே இல்லை.

வாசகிக்கு ஒன்று: சில காலைகளில் மகள் முன்னிலும் மோசமாக வாசித்தால் பதற வேண்டாம். பாட்டுக் கற்கும் சீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பறவையின் குஞ்சுகள் காலையில் எழுந்ததும் முந்தின மாலையைவிட மோசமாகப் பாடுகின்றன, பகலில் சரிசெய்துகொள்கின்றன. காலையில் அதிகம் சறுக்கிய குஞ்சுகளே கடைசியில் பாட்டை நன்றாகப் பிடித்தன என்று 2005இல் கண்டார்கள்.