அடுத்த அடி எப்போது விழும்?

"இந்தக் கொட்டுதான் டீச்சர் பையனைக் கெடுக்குது. எஸ்பிஎம் முடியற வரைக்கும் உருமியைத் தொடக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பள்ளி ஆலோசகராக உட்கார்ந்த முதல் வருடம். அந்த அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து, பூட்ஸில் சேறு காயாமல் நேராக வந்திருந்தார். பையன் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு; எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அம்மா கேட்டபடியே சொன்னேன். "சரி டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னிடம் வாயே திறக்கவில்லை. தொழிலில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். (ஆள் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

2004-இல் வந்த 'ஆஸ் இட் இஸ் இன் ஹெவன்' என்ற ஸ்வீடன் படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். அவன் ஞாபகம் வந்துவிட்டது. கிராமத்துப் பையன் ஒருவன் வயலின் பழகுகிறான். பெரிய பையன்கள் பிடித்து அடிக்கிறார்கள். ஊரைவிட்டுப் போய்ப் பேர்பெற்ற இசை நடத்துநர் ஆகிறான். ஒருநாள் மேடையிலேயே மாரடைப்பு. பழைய பெயரை யாரும் அறியாமல் அதே ஊருக்குத் திரும்பி, தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பயிற்சி தருகிறான். குழுவில் காப்ரியெல்லா என்று ஒருத்தி, புருஷனிடம் அடிவாங்குகிறவள். அந்தப் புருஷன் வேறு யாருமில்லை, சின்ன வயதில் இவனை அடித்தவன்தான்.

பார்த்தவர்கள் எல்லாரும் அவள் தனித்துப் பாடும் காட்சியைத்தான் சொல்வார்கள். நானும் அழுதேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாட்டு அவள் வாயைத் திறந்துவிட்டதே தவிர, அவள் புருஷனைத் திருத்திவிடவில்லை. இசை ஆற்றும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம் பையனுக்கு வருகிறேன். வீடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசியில். அப்பா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வருகிற நாளை மோட்டார் சைக்கிள் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். குடித்திருந்தால் கடைசி மேட்டில் கியர் மாற்றமாட்டாராம். இன்ஜின் முக்கிக்கொண்டே ஏறுமாம். அந்தச் சத்தம் கேட்டதும் தங்கச்சியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு இவன் முன்னால் நிற்பான். என் அறையில் உட்கார்ந்திருக்கும்போது விரல் மேசையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். வெளியே மோட்டார் ஒன்று போனால் போதும், விரல் நின்றுவிடும்.

இப்படி வளரும் பிள்ளையின் உடம்பு எந்நேரமும் காவலுக்கு நிற்கிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் அடங்குவதில்லை. ராத்திரி தூக்கம் வராது, பகலில் பாடம் ஏறாது. பள்ளியில் 'மந்தம்', 'பிடிவாதம்' என்று எழுதிவிடுவார்கள். அமெரிக்காவில் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகள் கூடக்கூட, பிற்காலத்தில் குடி, மனச்சோர்வு, இதய நோய் எல்லாம் கூடுவதாகக் காட்டியது. படத்தில் அந்த மாரடைப்பைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

மேளத்தில் என்ன கிடைத்தது என்று பிறகொரு நாள் அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த அடி எப்ப விழும்னு தெரியும் டீச்சர்" என்றான். வீட்டில் விழும் அடிக்குக் கணக்கில்லை. உருமியில் ஒரு பக்கம் வளைகுச்சி தேய்த்து முனகும், மறுபக்கம் அடி விழும். குழுவில் அத்தனை பேரும் அந்த ஒரே கணத்துக்குக் காத்திருப்பார்கள். சத்தம் என்றாலே நடுங்கிய உடம்பு, சத்தத்துக்கு நடுவில் அங்கேதான் முதல்முறை தளர்ந்தது. நான் தடுத்தது அதைத்தான்.

உருமிக் குழு என்றதும் குண்டர் கும்பல் என்று பயப்படும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். சில இடங்களில் அந்த வாடை உண்டு. மாஸ்டர் யார், பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, முடிந்தபின் பையன்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். கணக்கில் மார்க் குறைந்ததற்கு மேளத்தைப் பிடுங்காதீர்கள்.

மாஸ்டர்மாருக்கும் ஒன்று. பயிற்சி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஜால்ராவைத் துடைத்துக்கொண்டே நிற்கிறவன், திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்கிறவன், யாராவது கையை ஓங்கினால் தலையைக் குனிகிறவன்: இவனிடம் பேச்சுக் கொடுங்கள். நோண்ட வேண்டாம், சாப்பிட்டியாடா என்று கேட்டாலே போதும். அடி நடக்கிறது என்று தெரிந்தால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசிக்கு அழையுங்கள், 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி மருத்துவர், குடும்பத்தார், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோருக்குப் புகார் சொல்வது கடமை. "குடும்ப விஷயம்" என்று ஒதுங்க முடியாது.

இவன் விஷயத்திலும் புகார் போனது. நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வந்தார். அப்பா ஊர் முழுக்க என்னைத் திட்டினார். பிள்ளைகள் இருவரும் பாட்டி வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் அவன் குழு வாசித்ததாகக் கேள்விப்பட்டேன். கூட்டத்தில் நான் தேடியும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அம்மா போன் செய்தார். "டீச்சர், பாட்டி வீட்ல உருமிய உள்ள வைக்க இடமில்ல. முன்வாசல் அஞ்சடில வச்சா தோலு கெட்டுருமா, மழைக்காலம் வருது?"

மாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.