உகாண்டாவுக்குப் போகும் பெட்டியில் உங்கள் வீட்டு மாத்திரை வேண்டாம்

உகாண்டா போன்ற நாடுகளின் கிராமங்களுக்கு மருத்துவக் குழு ஒன்று கிளம்புகிறது என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வந்தால் போதும், திங்கட்கிழமை காலையிலேயே என் மருந்துக் கடைக்குப் பைகள் வரத் தொடங்கிவிடும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும். பிரித்துப் பார்த்தால் பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள், மூடியோரம் பிசுபிசுக்கும் இருமல் சிரப், மெடிக்கல் ரெப்புகள் டாக்டரிடம் விட்டுப்போன சாம்பிள்கள். ‘அரசு வழங்கல், விற்பனைக்கல்ல’ என்று முத்திரையிட்ட அரசு மருத்துவமனை மாத்திரைகளும் சில பைகளில் இருக்கும்.

“நல்ல மாத்திரைதான் சார், அப்பாவுக்கு வாங்கியது. ஏழைகளுக்குப் போகட்டும்” என்பார்கள். கொடுக்கிறவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றையும் வாங்கிக்கொள்வதில்லை. சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட குழுக்களுக்கு மருந்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். சில சமயம் உடன் சென்று, முகாமில் மாத்திரை கொடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது, கண் பரிசோதனை பற்றியெல்லாம் அந்தந்தத் துறைக்காரர்கள் எழுதட்டும். நான் மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாதி அட்டை. நம் பகுதியில் பத்து மாத்திரை அட்டையை முழுதாக வாங்குகிறவர்கள் குறைவு. நாலு கொடுங்கள், ஆறு கொடுங்கள் என்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்போம். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் எங்கேயோ போய்விட்டது என்றால், மிச்சமிருக்கும் மாத்திரைக்கு வயது தெரியாது. அது சமையலறை அலமாரியில் எத்தனை சித்திரை வெயிலைப் பார்த்தது என்பதும் தெரியாது. தண்டையார்பேட்டையில் நாம் தூக்கிப் போடத் தயங்காத மாத்திரையை உகாண்டாக் கிராமத்து நர்ஸ் ஒருவர் நம்பிக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

இதற்கென்று எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. மருந்து நன்கொடைக்கான வழிகாட்டி நெறிகளை உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே வெளியிட்டது. பிறகு திருத்தியும் வெளியிட்டது. பெறுகிறவர்கள் கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தையும் இலவச சாம்பிள்களையும் அனுப்பக் கூடாது. போய்ச் சேரும்போது காலாவதிக்குப் பொதுவாக ஓராண்டாவது மிச்சமிருக்க வேண்டும். அந்த நாட்டு மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில், மருந்தின் பொதுப்பெயரோடு (கம்பெனி வைத்த வணிகப் பெயர் மட்டும் போதாது) லேபிள் இருக்க வேண்டும். பெரிய அமைப்புகளுக்காக எழுதியது, நாம் கொண்டு போவது இரண்டு சூட்கேஸ்தானே என்று சிலர் வாதாடுவார்கள். சூட்கேஸில் போனாலும் அந்த மாத்திரை ஒரு மனித வயிற்றுக்குள்தான் போகிறது.

இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம் சாட்சி. சுமார் இருபது லட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி அந்த நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதது. லேபிள்கள் அங்குள்ளவர்களால் படிக்க முடியாத மொழிகளில். அவற்றை அழிக்கும் செலவும் பாதிக்கப்பட்டவர்கள் தலையில் விழுந்தது. அதே நாட்களில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மீனவர்கள் தொட மறுத்த பழந்துணி மூட்டைகள் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பழந்துணியாவது யாரையும் கொல்லாது.

எனக்கு அதிகக் கவலை தருவது நம் ஊர்க் கூட்டு மாத்திரைகள்தான். மூட்டு வலி என்றதும் அசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைப் பெயர் சொல்லி வாங்கிப் பழகிவிட்டோம். இந்தியக் கடைகளில் இருக்கும் அளவுக்கு இப்படிப்பட்ட சேர்க்கைகள் வேறு நாடுகளில் இல்லை. நம் மத்திய அரசே 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளையும் 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளையும் தடை செய்தது. பதிமூன்று மணி நேரம் நடந்து முகாமுக்கு வந்த ஒரு முதியவருக்கு இதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் வலி குறையவில்லை என்று அவர் உள்ளூர்ச் சுகாதார மையத்துக்குப் போவார். அங்கே இருப்பவர் வழக்கம்போல் பாரசிட்டமால் கொடுப்பார். முந்தின நாள் கொடுத்த மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வணிகப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவர் என்ன நம் பிராட்வேயில் மருந்து மொத்த வியாபாரமா செய்கிறார்? ஆகவே பெட்டியில் ஒரு மாத்திரைக்கு ஒரு மருந்துதான். விதிவிலக்கு, உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட சில சேர்க்கைகளுக்கு மட்டும்.

குழந்தைகளுக்கான இருமல் சிரப்பை நான் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. காம்பியாவில் நடந்த குழந்தை மரணங்களோடு தொடர்புபடுத்தி, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்களைப் பற்றி 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. இதற்குப் பிறகும் ஒரு குழு சிரப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனால், அங்கிருக்கும் தாய்மார்கள் முகத்தை நம்மால் பார்க்க முடியுமா? சாதாரணச் சளி இருமலுக்குச் சிறு குழந்தைகளுக்கு அந்த சிரப் தேவையும் இல்லை.

மலேரியாவும் அப்படித்தான். சென்னையில் நாம் பார்த்துப் பழகியது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அதற்கு இங்கே குளோரோகுயின் கேட்கிறது. உகாண்டாவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம். அங்கே குளோரோகுயின் பலனளிக்காமல் போய் வெகு காலம் ஆகிறது. அதற்குப் பதிலாக ஆர்ட்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் என்ற இரு மருந்துச் சேர்க்கையை மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு கொடுக்க வேண்டும். இரண்டாவது வேளை எட்டு மணி நேரம் கழித்து. பரிசோதனை செய்யாமல் காய்ச்சலுக்கெல்லாம் அதைக் கொடுக்கவும் கூடாது. இதைப் படிக்காமல் ‘மலேரியா மாத்திரை’ என்று பொதுவாக எழுதிக்கொண்டு வரும் குழுத் தலைவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (போகிறவர்கள் தங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு முடித்துவிடுங்கள்.)

அடுத்தது இரத்த அழுத்தமும் சர்க்கரையும். முகாமில் உட்கார்ந்து பார்த்தால் இரத்த அழுத்தம் எகிறியவர்கள் வரிசையாக வருவார்கள். அம்லோடிபின் முப்பது மாத்திரை எண்ணிக் கொடுப்பது சுலபம். முப்பத்தோராம் நாள்? வியாசர்பாடியில் ஒருவருக்கு மாத்திரை தீர்ந்தால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். 2021 ஆகஸ்டிலிருந்து நமக்கு அந்த வசதி இருக்கிறது. அங்கே குழு விமானம் ஏறிவிட்டிருக்கும். தனக்கு நோய் இருக்கிறது என்ற பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்றுதான் அதற்குப் பொருள்.

உகாண்டாவில் கிராமத்தில் இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று சுகாதார மையங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த நிலையில் எந்த மருந்து இருக்க வேண்டும் என்று அவர்களுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. கிளம்புவதற்கு முன் அந்தப் பட்டியலை வரவழையுங்கள். முகாம் நடக்கும் ஊருக்கு அருகில் உள்ள மையத்தின் பொறுப்பாளரிடம், உண்மையில் அலமாரியில் என்ன இருக்கிறது, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று கேளுங்கள். நாள்பட்ட நோய்க்கு அவரால் தொடர முடிந்த மருந்தை மட்டுமே ஆரம்பிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், நம் குழுவில் எத்தனை பெரிய மருத்துவர் இருந்தாலும் ஆரம்பிக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

சரி, மருந்தே கொண்டு போகக் கூடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தேவையில்லை. கம்பாலாவில் 1979 முதல் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் என்ற நிறுவனம் இயங்குகிறது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, மிஷன் மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கத் தொடங்கியது. கென்யாவில் 1986 முதல் மெட்ஸ் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளில் இந்தியாவில் தயாரானவை ஏராளம். விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டி நாம் கொண்டு போகும் அதே மாத்திரை, கப்பலில் போய் நமக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருக்கும். அங்கேயே வாங்கினால் அந்நாட்டு மருந்து ஆணையம் அனுமதித்த சரக்கு கிடைக்கும். மீதியானதை உள்ளூர் மையத்திலேயே கொடுத்துவிட்டு வரலாம். சுங்கத்தில் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை. மடகாஸ்கர் போன்ற பிரெஞ்சு புழங்கும் நாட்டில் இது இன்னும் முக்கியம். நம் ஆங்கில அட்டை அங்கே உள்ளவருக்குச் சிரமம்தான்.

சுங்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலி நிவாரணி என்ற நல்லெண்ணத்தில் டிராமடால் அட்டைகளைச் சூட்கேஸில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 முதல் இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. டயஸிபாம், அல்பிரசோலாம், மார்ஃபின் எல்லாம் அப்படியே. குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தின் அனுமதியும் போகும் நாட்டின் அனுமதியும் இல்லாமல் நன்கொடைக்காக இவற்றை எல்லை தாண்டிக் கொண்டு போனால், சேவை செய்யப் போனேன் என்ற வார்த்தை எந்த அதிகாரியிடமும் எடுபடாது.

முகாம் மேசையைப் பற்றியும் கொஞ்சம். மருத்துவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். மருந்து கொடுக்கும் இடத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மாத்திரை நீட்டுவது போலப் படமும் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்தினால் மருந்து ஆய்வாளர் சும்மா விடுவாரா? அங்கே மட்டும் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமா? உறையின் மேல் மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைய வேண்டும். உள்ளூர்ப் பணியாளரை வைத்து, எப்போது சாப்பிடுவீர்கள் என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். மருத்துவர் பார்க்கும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதனால் மதியத்துக்கு மேல் டோக்கன் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிடுவேன், குழுவில் முணுமுணுப்பார்கள்.

கொடுக்க நினைப்பவர்கள் பணமாகக் கொடுங்கள். கம்பாலாவில் வாங்கிய மருந்துக்கான பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கும் குழுவுக்கு மறுமுறை கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சமான மாத்திரைகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அட்டையிலிருந்து பிரித்து, யாரும் எடுத்துச் சாப்பிட முடியாதபடி காபித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நோயாளி பெயர் எழுதிய சீட்டைக் கிழித்துவிடுங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் வீசாதீர்கள். அரசு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை, பிரிக்காத அட்டையாகவே மிச்சமிருந்தால், அடுத்த முறை போகும்போது அங்கே மருந்து கொடுப்பவரிடம் காட்டிச் சொல்லுங்கள். அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள்.