எழுதிக் குடுத்த வாக்கையும் நம்ப முடியாத எலக்‌ஷன்

எங்க சர்ச் பங்குல பேரவை எலக்‌ஷன் வந்தா குளச்சல் பக்கம் சாயாக்கடையில வேற பேச்சே கெடையாது, அன்பியத்துக்கு, அதாவது பக்கத்து பக்கத்து குடும்பங்க சேந்த குழுவுக்கு, இத்தன பேருன்னு கணக்கு வச்சு நிப்பாங்க, "ஒனக்குதான் என் ஓட்டு"ன்னு கேக்குற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு உள்ள போயி வேற பேர எழுதிட்டு வருவாங்க. ஐநா பாதுகாப்பு கவுன்சில் சீட்டுக்கு நாடுங்க அடிச்சுக்கறதும் கிட்டத்தட்ட இதேதான்.

கவுன்சில்ல மொத்தம் 15 நாடு. அஞ்சு பேரு நிரந்தரம், வீட்டோ, அதாவது ஒத்த ஆளா தீர்மானத்த தடுக்கற அதிகாரம் வச்சிருக்கவங்க. மிச்சம் பத்தும் ரெண்டு வருஷ சீட்டு, 1965 வரைக்கும் இது ஆறுதான் இருந்துச்சு. வருஷத்துக்கு அஞ்சு சீட்டு காலியாகும். நம்ம அன்பியக் கணக்கு மாதிரியே இங்கயும் ஆப்பிரிக்கா, ஆசியாவுக்கு சேத்து அஞ்சு, லத்தீன் அமெரிக்காவுக்கு ரெண்டு, மேற்கு ஐரோப்பா கோஷ்டிக்கு ரெண்டு, கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒண்ணுன்னு பங்கு பிரிச்சிருக்கு. ஆனா ஓட்டு போடறது ஐநாவுல உள்ள எல்லா நாடும். 193 பேரும் போட்டா 129 வேணும், மூணுல ரெண்டு பங்கு. எதிர்ல ஆளே இல்லன்னாலும் இந்தக் கணக்க தொட்டாகணும்.

இந்த மூணுல ரெண்டுதான் கூத்துக்கெல்லாம் காரணம். 1979-ல க்யூபாவும் கொலம்பியாவும் மோதினாங்க, 154 ரவுண்டு போயும் ரெண்டு பேராலயும் தொட முடியல, புது வருஷமே பொறந்துருச்சு, கடைசியில ரெண்டு பேரும் ஒதுங்கி மெக்சிகோ உள்ள வந்துச்சு. நடுவுல நடுவுல போட்டியில இல்லாத நாட்டு பேரையும் எழுதலாம்னு ரூல் இருக்கறதாலதான் இப்படி மூணாவது ஆளு நுழைய முடியுது. 2006-ல குவாத்தமாலா, வெனிசுலா சண்டையில பனாமா ஜெயிச்சதும் இதே வழியிலதான்.

அப்பறம் ரகசிய ஓட்டு. ஒனக்குதான் ஓட்டுன்னு எழுதியே குடுத்திருந்தாலும் உள்ள என்ன எழுதுறாங்கன்னு கர்த்தருக்குதான் தெரியும். அதனால எல்லாரும் தேவைக்கு மேலயே வாக்கு சேத்து வைக்கப் பாப்பாங்க, அதுக்கு வருஷக்கணக்கா அலைச்சல், விருந்து. 2020 எலக்‌ஷனுக்கு அயர்லாந்து தூதருங்கள யூ2 கச்சேரிக்கும், கனடா செலின் டியோன் கச்சேரிக்கும் கூட்டிட்டு போனாங்க. அயர்லாந்துக்கு கெடச்சது 128, அன்னிக்கு எல்லா ஓட்டும் விழாததால தேவையும் சரியா 128தான், கனடா 108-ல நின்னுருச்சு. கச்சேரியாலதான்னு நான் சொல்லல!

இவ்வளவு ஆசை எதுக்குன்னா பெருமை மட்டும் இல்ல. அங்க தீர்மானம் பாஸாக ஒம்பது ஓட்டு வேணும், அப்ப பெரியவங்களுக்கும் இந்த சின்ன சீட்டுக்காரங்க தயவு வேணும். குஸியெம்கோ, வெர்க்கர்னு ரெண்டு பேரு 2006-ல வெளியிட்ட ஆய்வுல, சீட்டுல இருக்கற காலத்துல ஒரு நாட்டுக்கு வர்ற அமெரிக்க உதவி சராசரியா 59 சதவீதம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இதுக்கு நேர் எதிரா சவுதி 2013-ல ஜெயிச்சிட்டு "எனக்கு வேண்டாம்"னு தள்ளிருச்சு, அந்த எடத்துக்கு ஜோர்டான் போச்சு.

இதெல்லாம் கடையில சொல்லிட்டிருந்தப்ப மாமா ஒருத்தரு, "மக்கா, நம்ம ஆளு தோத்ததுண்டா?"ன்னாரு. உண்டு மாமா, 1996-ல இந்தியா ஜப்பான்கிட்ட தோத்துச்சு, 142-க்கு 40. அணுகுண்டு சோதனை தடை ஒப்பந்தத்துல கையெழுத்து போட மாட்டோம்னு நாம நின்ன வருஷம் அது, ஜப்பான் கையில காசும் இருந்துச்சு. ஆனா 2010-ல 187, 2020-ல 184 ஓட்டு, இதுவரைக்கும் எட்டு தடவை உக்காந்தாச்சு, அடுத்து 2028-29-க்கும் நிக்கறோம்.

மாமா கிளாஸ கீழ வச்சாரு. "எதுக்க ஆராக்கும் நிக்கது?"