பக்க மீட்பா, சட்டக மீளப்பெறலா?

கணினி நினைவக முகாமை பற்றிய தமிழ்ப் பாடக்குறிப்புகளிலே, ஆங்கிலத்தில் "பேஜ் ரீகிளெயிம்" எனப்படுவதற்கு "பக்க மீட்பு" என்ற தொடர் சில காலமாக வேரூன்றி வருகிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்க்கென நடைபெற்ற ஒரு கருத்தரங்கிலும் அதனையே கேட்டேன். பின்னர் மாணவர் ஒருவரின் விடைத்தாளிலும் கண்டேன். "வட்டுக்குச் சென்ற பக்கத்தை மீட்டு நினைவகத்தில் மீண்டும் இடுதல்" என்று அவர் விளக்கம் எழுதியிருந்தார். தமிழ் அறிந்த பிள்ளை அத்தொடரை வேறு எவ்வாறு விளங்கிக்கொள்ளும்? உண்மையில் அது, பக்கத்தை நினைவகத்திலிருந்து வெளியேற்றி, அது இருந்த இடத்தைத் திரும்பப் பெறுதலாகும். கருத்துக்கு நேர் எதிரானதைக் கற்பிக்கும் சொல்லை நாமே கொடுத்துவிட்டு, பிள்ளையின் புள்ளியைக் குறைப்பது நீதியாகாது.

ரீகிளெயிம் என்ற ஆங்கிலச் சொல், எதிர்த்துக் கூவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேட்டைக்கு விட்ட வல்லூற்றைத் திரும்பக் கைக்கு அழைத்தலைக் குறித்து வழங்கிய அச்சொல், தனக்குரியதைத் திரும்பக் கேட்டுப் பெறுதல் எனப் பின்னர் விரிந்தது. கணினியியலுக்கு வேண்டியது இப்பிற்பொருளே.

லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமையொன்றில், அதன் மையப்பகுதியாகிய, கேர்ணல் எனப்படும் கருனியே பௌதிக நினைவகம் முழுவதற்கும் உரித்துடையது. எக்ஸ்86 கணினிகளில் வழமையாக 4096 பைற்று அளவுள்ள சட்டகங்கள் என்னும் இடங்களாக அதனைப் பிரித்து, செயன்முறைகளுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு, கருனி வழங்குகிறது. ஒரு சட்டகத்தில் குடியிருக்கும் தரவே பக்கம். வெறுஞ்சட்டகங்களின் தொகை குறித்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது கேஸ்வாப்டி என்னும் பின்னணி இழை விழித்தெழுந்து, அண்மையில் தொடப்படாத பக்கங்களைத் தேடுகிறது. கோப்பிலிருந்து படிக்கப்பட்டு மாற்றமடையாதிருக்கும் பக்கத்தை அப்படியே கைவிடலாம். மாற்றமடைந்திருந்தால் முதலில் வட்டில் எழுதவேண்டும். பின்னணியில் கோப்பெதுவும் இல்லாத பக்கத்தை, வட்டில் அதற்கென ஒதுக்கிய சுவாப் வெளிக்கு அனுப்பவேண்டும். எவ்வழியாயினும் பக்கத்தின் உள்ளடக்கம் நினைவகத்தை விட்டு நீங்குகிறது. அது குடியிருந்த சட்டகம் கருனியின் கைக்குத் திரும்புகிறது. பின்னணி இழையால் ஈடுகொடுக்க முடியாதபோது, நினைவகம் கேட்ட செயன்முறையே தன் வேலையை நிறுத்திவைத்து இத்தேடலைச் செய்யவேண்டி வருகிறது.

இனி "மீட்பு" என்ற சொல்லுக்கு வருவோம். பகைவர் கவர்ந்த ஆநிரையைக் கரந்தை சூடிச் சென்று மீட்டுவருதலைப் புறத்திணை பேசுகிறது. கிறிஸ்தவர்கள் இயேசுவை மீட்பர் என்கிறார்கள். அடைவு வைத்த சங்கிலியை நாம் மீட்கிறோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமையிலும் இடம்பெறும் ஒற்றியில், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். கடனைத் தீர்த்துக் காணிக்காரர் அதனை மீட்பார். இவை அனைத்திலும் மீட்கப்படும் பொருளே காப்பாற்றப்படுகிறது; இருக்கவேண்டிய இடத்துக்கு அதுவே வந்துசேர்கிறது. ஆகவே "பக்க மீட்பு" என்றவுடன் தமிழ்க் காது பக்கம் காப்பாற்றப்பட்டது என்றே கொள்கிறது. உண்மையிலோ வெளியேற்றப்படுவது அந்தப் பக்கந்தான். நமது பாடசாலை வழக்கு இக்குழப்பத்தை மேலும் பெருக்குகிறது. படித்ததைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருதலையே இங்கு "மீட்டல்" என்கிறோம். பரீட்சைக்கு முன்னர் மீட்டல் வகுப்புக்குச் சென்று வந்த மாணவர், நினைவகத்தோடு சேர்த்து "மீட்பு" என்ற சொல்லைக் காணும்போது எதனை நினைப்பார்?

ஒற்றியில் காணிக்காரர் மீட்பதுபோலக் கருனியும் தன்னுடைய சட்டகத்தை மீட்கிறதே, அதில் பிழை என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "சட்டக மீட்பு" என்று சொல்லியிருந்தால் என் மறுப்பில் பாதி தளர்ந்திருக்கும். எனினும் அடைவிலும் ஒற்றியிலும் கடனைத் தீர்த்த பின்னரே மீட்க முடியும். கருனிக்கோ செயன்முறையிடம் எக்கடனும் இல்லை, அதன் சம்மதமும் தேவையில்லை.

இத்துறையின் மேம்பாடுகளைத் தமிழில் எழுத முற்படும்போது இச்சொல் முற்றாகவே உடைந்துபோகிறது. 2022 திசெம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில், பல்தலைமுறை எல்.ஆர்.யு என்ற முறை சேர்க்கப்பட்டது. எல்.ஆர்.யு என்பது நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை முதலில் வெளியேற்றத் தெரிவுசெய்தல். செயற்படும் பட்டியல், செயற்படாப் பட்டியல் என இரண்டாகப் பகுப்பதை விடுத்து, பக்கங்களைப் பல தலைமுறைகளாக வயதின்படி அது அடுக்குகிறது. விரைவில் தேவைப்படக்கூடிய பக்கத்தைத் தவறுதலாக வெளியேற்றாதிருத்தல் இத்தகைய முயற்சிகளின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. தெரிவு திருந்தினால், வெளியேற்றிய பக்கத்தை உடனே வட்டிலிருந்து திரும்பக் கொண்டுவரும் வீண்வேலை குறையும். இதனைப் பழக்கத்திலுள்ள சொல்லால் எழுதினால், "பக்க மீட்பை மேம்படுத்தினால் பக்கங்களை மீட்பது குறையும்" என்றாகிறது. இவ்வாக்கியத்தை எந்த ஆசிரியரால் வகுப்பில் விளக்க முடியும்?

"பக்க விடுவிப்பு" என்பதும் பொருந்தாது. காணி விடுவிப்பு என்று நாளும் கேட்கும் நமக்கு, விடுவிப்பவர் வைத்திருப்பவரே என்பது நன்கு தெரியும். செயன்முறை தானாக நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு அச்சொல் தேவைப்படுகிறது. "சுவீகரிப்பு" பிறருடையதைத் தனதாக்குதல். அது வடசொல் என்பதைவிட, உரித்தைத் தலைகீழாக்குகிறது என்பதே என் மறுப்புக்குக் காரணம்.

என் தெரிவு "சட்டக மீளப்பெறல்". வங்கியில் இட்ட பணத்தை உரியவர் திரும்ப எடுப்பதை மீளப்பெறல் என்று இலங்கைத் தமிழர் அனைவரும் அறிவர். கொடுத்தவரே திரும்பப் பெறுகிறார் என்ற கருத்து அதில் தெளிவாக உள்ளது. "கருனி செயன்முறையிடமிருந்து சட்டகத்தை மீளப்பெறுகிறது" என்ற வாக்கியத்தில், யார், யாரிடமிருந்து, எதனை என்ற மூன்றும் இடறலின்றி நிற்கின்றன. ஆங்கிலத்தில் "பக்கம்" என்றிருக்க நீர் ஏன் "சட்டகம்" என்கிறீர் என்பார்கள். ஆங்கிலேயர் தளர்வாகச் சொன்னதை நாமும் தளர்வாகவே சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டைக் கண்டவுடன் "மீள்" அல்லது "மீட்பு" என்று ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர், அந்த வரி விவரிக்கும் செயலை ஒருமுறை மனத்தில் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இத்தொடர் பிறந்தே இராது. மணிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணில், இவ்வளவு உழைப்பை எதிர்பார்ப்பது மிகையன்று.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. செயன்முறை தானே நின்று செய்வது நேரடி மீளப்பெறல். நெருக்கடி வருமுன் செய்வது முன்கூட்டிய மீளப்பெறல். நினைவகத்தில் பூட்டிவைக்கப்பட்ட பக்கங்களின் சட்டகங்கள் மீளப்பெற இயலாதவை. வெளியேற்றிய பக்கத்தை வட்டிலிருந்து திரும்பக் கொண்டுவருவதற்கு "பக்க மீட்டல்" என்று பெயரிடலாம். அந்த மாணவர் எழுதிய விளக்கம் அச்சொல்லுக்கு அப்படியே பொருந்தும்.