அணுக்கருவில் பழுப்பு நிறம் இல்லையென்றால்

கைக்குழந்தைகளின் மூளையில் வரும் சில கட்டிகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். சின்னச் சின்ன நீலச் செல்கள் அடர்ந்து கிடக்கும். மெடுல்லோபிளாஸ்டோமாவா, ராப்டாய்டு வகையா என்று கண்ணால் பார்த்து மட்டும் சொல்வது சிரமம். சிகிச்சையோ இரண்டுக்கும் வேறு. அதனால் இப்படிப்பட்ட பயாப்சி வந்தால், நோயியல் மருத்துவர்களான நாங்கள் ஐஎன்ஐ-1 என்ற புரதம் செல்லில் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்க்கும் இம்யூனோ சாயப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்கிறோம்.

அணுக்கரு பழுப்பானால் அந்தப் புரதம் இருக்கிறது. கட்டிச் செல்கள் நீலமாகவே நின்று, நடுவில் ஓடும் ரத்தக்குழாய்ச் செல்கள் மட்டும் பழுப்பானால் கட்டியில் புரதம் தொலைந்துவிட்டது; அது ராப்டாய்டு பக்கம் கைகாட்டும். ரத்தக்குழாயும் பழுப்பாகவில்லையா? சாயமே பிடிக்கவில்லை. ஃபார்மலினில் சரியாகப் பதப்படாத திசுவில் இப்படி ஆகும். அப்போது ‘இழப்பு’ என்று ரிப்போர்ட் எழுதவே கூடாது.

“ஒரே ஒரு புரதம் இல்லாமல் போனால் கேன்சர் வருமா டாக்டர்?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நம் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது. அது ஹிஸ்டோன் புரத உருளைகளின் மேல் நூல்கண்டுபோலச் சுற்றிக் கிடக்கிறது. ஓர் உருளைக்கு சுமார் 147 டிஎன்ஏ எழுத்து நீளம், ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. சுற்றுக்குள் இருக்கும் மரபணுவைப் படிப்பது கடினம். கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

திறந்துவிடும் வேலையைச் செய்பவற்றில் ஒன்று ஸ்விட்ச்-ஸ்னிஃப் என்ற புரதக் கூட்டு. முதலில் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து உருளையை நகர்த்தும், சில இடங்களில் கழற்றியே எறியும். இந்தக் கூட்டில் ஆற்றலை எரிப்பது பிஆர்ஜி-1 போன்ற புரதம். ஐஎன்ஐ-1 உருளையைப் பற்றிக்கொள்ள உதவும் புரதம். இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. பாலிகோம்ப் என்ற கூட்டு, ஈஇசட்ஹெச்-2 என்ற நொதியால் ஹிஸ்டோனில் மெத்தில் என்ற வேதிக் குறியிட்டு மரபணுக்களை மூடிவைக்கும். ஐஎன்ஐ-1 போய்விட்டால் மூடும் தரப்பின் கை ஓங்குகிறது. ‘வளர்ச்சியை நிறுத்து, முதிர்ந்த செல்லாக மாறு’ என்று சொல்லும் மரபணுக்கள் அடைபட்டுப்போக, செல் பெருகிக்கொண்டே இருக்கிறது.

ராப்டாய்டு கட்டிகளின் மரபணுத் தொகுதியில் வேறு பிறழ்வுகள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் குழந்தைகளின் புற்றுநோய்களில் மிக மூர்க்கமானவற்றுள் இது ஒன்று. டிஎன்ஏவில் எழுத்துப்பிழைகள் குவிந்தால்தான் புற்றுநோய் என்று படித்து வந்தவர்களுக்கு இது இன்றும் வியப்புதான்.

ஐஎன்ஐ-1 புரதத்துக்கான மரபணு 22ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கட்டியில் அதன் இரு பிரதிகளும் பழுதாகியிருப்பதை 1998இல் கண்டறிந்தார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ராப்டாய்டு கட்டி வரும் குழந்தைகளில் ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாகியிருக்கும். அவர்களுக்கு வேறு உறுப்பிலும் கட்டி வரலாம். ஆகவே ரிப்போர்ட்டில் இழப்பு என்றிருந்தால், குழந்தையின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் மரபணு ஆலோசனையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த குழந்தையைத் திட்டமிடும்போது அது கைகொடுக்கும்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மனிதப் புற்றுநோய்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் ஸ்விட்ச்-ஸ்னிஃப் கூட்டின் ஏதாவதொரு புரதத்துக்கான மரபணு பழுதாகியிருக்கிறது. கருப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோடு தொடர்புள்ள கிளியர்செல் சூலகப் புற்றுநோயில் பாதியளவில் இதே கூட்டைச் சேர்ந்த ஏஆர்ஐடி-1ஏ பழுது. புகைபிடிப்பவர்களின் மார்புக்கூட்டில் வரும் ஒருவகைக் கட்டியில் பிஆர்ஜி-1 இருக்காது.

மருந்து? ஈஇசட்ஹெச்-2ஐத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட்டுக்கு, ஐஎன்ஐ-1 பொதுவாக இழந்திருக்கும் எபிதீலியாய்டு சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோய்க்காக 2020 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆய்வில் கட்டி சுருங்கியது சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான். புதிதாக ரத்தப் புற்றுநோய் வரும் அபாய எச்சரிக்கையும் அதோடு இருந்தது. வாட்ஸ்அப்பில் ‘அதிசய மாத்திரை’ என்று வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம், மருத்துவமனை மாறினால் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். கட்டித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மறுபடி சாயம் போடவோ மரபணுப் பரிசோதனை செய்யவோ அதுதான் வேண்டும்.