கதவோரம் நிற்பவரைக் கூப்பிடுங்கள்

திருப்பூர் சாயப்பட்டறைகளில் தண்ணீர்க் கணக்கும் உப்புக் கணக்கும் பார்ப்பது என் வேலை. ஒரு பட்டறையில் உப்புத்தண்ணீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் இன்னொன்று வாங்குவது பற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். முதலாளி, மேனேஜர், மெஷின் விற்க வந்தவர், நான். கொட்டேஷன் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாதவர்கள்தான் அப்புறம் திறக்க முடிந்தது. சாயத்தண்ணீரை ஆர்ஓவில் வடிகட்டி, மிஞ்சும் உப்புத்தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். காசைத் தின்கிற இடம் அதுதான்.

இருக்கிற எவாப்பரேட்டர் ஏன் போதவில்லை என்று கேட்டேன். அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியையும் டையிங் மாஸ்டரையும் கூப்பிடச் சொன்னேன்.

இருவரும் கதவோரமே நின்றார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். தம்பி தயங்கியபடி, “ஏனுங்க மாஸ்டர், நைட் ஷிப்ட்ல வர்ற தண்ணியில டிடிஎஸ் எகிறுதுங்களே, என்ன ஓடுதுங்க?” என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் அளவுதான் டிடிஎஸ்.

“லைட் ஷேடுதான் தம்பி ஓடுது...” சொல்லும்போதே மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். அடர் நிறத்துக்கு 80 கிராம் வரை போகும். ஷேடு தவறினால் திட்டு விழுமே என்று ராத்திரி ஷிப்ட் பையன்கள் எல்லா லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை சாயமேற்றும் துணிக்கும், அடர் நிறக் கணக்கிலேயே உப்பு மூட்டையைக் கொட்டியிருக்கிறார்கள். உப்பு துணியில் தங்காது. சாயத்தைப் பருத்தியில் ஏற்றிவிட்டு, ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். எவாப்பரேட்டர் போதாமல் போனது அதனால்தான்.

அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷேடு குறைந்தால் கேட்கிறார்கள், உப்பு கூடினால் யாரும் கேட்பதில்லை. தளத்தில் நாள் முழுக்க நடக்கும் பேச்சே ஷேடும் டெலிவரியும்தான். உங்கள் நிறுவனத்திலும் தண்ணீர், மின்சாரம், கழிவு என்று எதற்காவது கூட்டம் போட்டால், வால்வைத் திருப்புகிறவரையும் மூட்டையைப் பிரிக்கிறவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசட்டும், நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

எவாப்பரேட்டர் வாங்குவதை அன்றைக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை போனபோது லாட் கார்டில் உப்புக்கென்று தனிக் கட்டம் அச்சாகியிருந்தது. மாஸ்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தம்பியின் கையெழுத்தும் இருந்தது.